கிரீசு

சோபாவில் உட்காரவைத்ததுதான் முதல் தப்பு. பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதுகை நிமிர்த்தி உட்காரலாம், பிடிக்கவில்லையென்றால் எழுந்து பின்பக்கமாக நழுவிவிடலாம். இது ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெள்ளைத்துணி போர்த்திய சோபா, எதிரே கண்ணாடி மேஜை, மேஜையில் யாரும் திறக்காத தண்ணீர் பாட்டில், இனிப்பும் காரமும் வைத்த காகிதத் தட்டு. மிக்சரில் இருந்த முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு அங்கமுத்து சும்மா இருந்தார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் தம்பியின் முகம் லாரியின் முன்கண்ணாடி அகலத்துக்கு இருந்தது. தலைமையாசிரியர் குழந்தைவேலு அவர்களின் பணிநிறைவுப் பாராட்டு விழா. எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும். எட்டாவது வரை போனவர்தானே. பேனருக்குக் கீழே நிஜமான குழந்தைவேலு உட்கார்ந்திருந்தான், கழுத்துவரை பொன்னாடைகளோடு, குளிருக்குப் போர்த்திக்கொண்டவன் மாதிரி. காலையில் மண்டபத்து வாசல்வரைக்கும் அவனே ஓடிவந்தான். "வாங்கண்ணா. முன்னாடி வந்து உக்காருங்கண்ணா. அண்ணிய அந்தப் பக்கம் உக்கார வைக்கிறனுங்க." வாங்க, உக்காருங்க, வைக்கிறனுங்க. கூடப்பிறந்தவனிடமிருந்து எத்தனை 'ங்க'. கையைப் பிடித்துக் கூட்டிவந்த விதம் வயசான அமைச்சரைக் கூட்டிவருகிற மாதிரி இருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு, போடா, எனக்குத் தெரியாதா உக்கார, என்று சொல்ல வாய் வந்தது. சுற்றி வாத்தியார்கள் நின்றார்கள். சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடைக்குக் கூப்பிடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டுவார்கள். பேசுவதா, போன தடவை மாதிரி கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவதா என்று முந்தாநாளிலிருந்து மனசு ஒரே இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, மணலில் மாட்டிய வண்டி மாதிரி, சுற்றச்சுற்ற இன்னும் கீழே போகிறது.

மைக்கில் தமிழய்யா பேசிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், குரல் மட்டும் தேர் மாதிரி. "தன் தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பையே தியாகம் செய்த அந்த மாமனிதர் இதோ நம் முன்னால் அமர்ந்திருக்கிறார்!" முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கமுத்து காகிதத் தட்டைப் பார்த்தார். தியாகம். அந்தச் சொல் வந்தாலே பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது, நாக்கு அங்கேயே போய்ப்போய் நிற்கிறது. கதை வருசத்துக்கு வருசம் வளர்கிறது. குடியரசு தினத்தில் ஒருமுறை சொன்னபோது அண்ணன் மூட்டை தூக்கினார். இன்றைக்குத் தன் புத்தகத்தையே தம்பி கையில் கொடுத்துவிட்டு, நீ படி, என்று அழுதிருக்கிறார். எந்தப் புத்தகத்தை? அந்த வருசத்துப் புத்தகம் பட்டறையில் டயருக்குப் பக்கத்தில் கிடந்து ஆயிலில் நனைந்து ஊறிப்போனது. அதுதான் நடந்தது. மத்தியானச் சோற்று மணி அடித்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த லாரிப் பட்டறைக்கு ஓடிவிடுவான் அங்கமுத்து. சாயங்காலம்தான் பை எடுக்கத் திரும்பி வருவான். சபாபதி வாத்தியார் அடிக்கிற வாத்தியார்கூட இல்லை. வீட்டுக்கே வந்து, "ஏனப்பா, கணக்கு உனக்கு நல்லா வருது. வந்து உக்காரு சாமி," என்று கெஞ்சினார். வேறு எந்த வாத்தியார் கெஞ்சுவார்? பெற்ற அய்யனும் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் சோறு இருந்தது. சீருடை இருந்தது. எல்லாம் இருந்தது, அவனுக்குத்தான் வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தால் கொட்டாவி வந்தது, லாரிக்கு அடியில் படுத்தால் தூக்கம் தெளிந்தது. முதன்முதலில் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் கொடுத்த நாள். மல்லாந்து படுத்து, முனையைப் பொருத்தி அமுக்கினால், பழைய கருப்பு கிரீஸ் மெல்ல வெளியே பிதுங்கி, பின்னாலேயே புதுசு மஞ்சளாக எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ அடங்கிற்று. இப்போது நினைத்தாலும் அடங்குகிறது. அந்தச் சந்தோசத்துக்குத்தான் இவர்கள் தியாகம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் ஆசைப்பட்டுப் போன வழியை, பாவம், தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் அவனுக்கு என்ன மிச்சம்? அவன் வாழ்ந்ததெல்லாம் யாருக்கோ கொடுத்தது ஆகிவிடுகிறதே.

இதைத்தான் டீக்கடையில் ஒருநாள் சொன்னார். சொல்லி மாட்டிக்கொண்டார். பேப்பரில் பள்ளிக்கூடத்துச் செய்தி ஏதோ வந்திருந்தது, எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்க விருப்பமில்லாதவனை எதுக்குங்க கட்டி உக்கார வைக்கோணும் என்றார். ஒண்ணும் எழுதாதவனையும் பாஸ் போட்டா அப்புறம் பரீட்சை எதுக்குங்க என்றார். படிக்காதவன் எவனைக் கேட்டாலும் வாத்தி சரியில்லை, அப்பன் சரியில்லை, சாதி சரியில்லை, நேரம் சரியில்லைங்கறான், நான் படிக்கலைன்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம் என்றார். கடைக்காரன் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "ஏனுங்க, தம்பிய எச்செம் ஆக்கிப்போட்டு இப்பப் படிப்பே வேண்டாங்கறீங்களே!" "ஆக்கினது நானில்லைடா, அவனே ஆனான்." "பாத்தீங்களா, பாத்தீங்களா, பெரிய மனுசன் பேச்ச!" சிரித்தார்கள். ஒரு கட்சிக்காரன், நீங்க பேசறது ஏழைங்களுக்கு விரோதமான பேச்சுங்க, என்று எழுந்தே போய்விட்டான். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது, அது பிறகு படுத்திருக்கும்போது உறுத்தியது. கலியண்ணன் இருக்கிறானே, லோடு ஏற்றுகிற கலியண்ணன், அவனை நிஜமாகவே ஐந்தாவதில் பிடித்து இழுத்து மாட்டுக்காரன் வீட்டில் விட்டார்கள். வாத்தியார் வாசலில் நின்று கேட்டும் விடவில்லை. அவனுடைய கதை வேறு. அவன் வாயைத் திறந்தால் இவருடைய பேச்செல்லாம் தவிடு. ஆனால் அவன் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கூலியில் படித்த தம்பி திருப்பூரில் பங்களா கட்டிவிட்டான், கலியண்ணன் பேரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. தியாகம் செய்தவன் மூட்டைக்கு அடியில் இருக்கிறான், செய்யாதவன் சோபாவில் இருக்கிறான். இதை எங்கே போய்ச் சொல்ல? சொந்த மகனிடமே சொல்ல முடியவில்லை. தினகரன் காலேஜை பாதியில் விட்டுவிட்டு வந்தபோது, "நீங்க படிச்சிருந்தா எனக்கு வழி சொல்லியிருப்பீங்க. உங்களாலதான்," என்றான். அங்கமுத்துவுக்குக் கோபம் வந்த வேகத்தில் தட்டு பறந்தது. படிக்காதது நான்தான்டா, அதுக்கு நான் யாரையும் கைகாட்டலை, நீ படிக்காததுக்கு நீதான் பொறுப்பு, என்று கத்தினார். மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான். இன்றைக்கும் இவர் பேசியது சரிதான். சரியாக இருந்து என்ன, வீடு அமைதியாக இருக்கிறது.

மண்டபத்து ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. யாரோ சின்ன டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார்கள். டம்ளரைப் பார்த்ததும் அந்தப் பித்தளைத் தட்டு நினைவுக்கு வந்துவிட்டது. எப்போதும் வருவதுதான். பாவாயியின் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை என்றால் இவர்தான், புதுசாக டிரைவர் லைசென்ஸ் வாங்கியவர், எத்தனை சோப்பு போட்டும் நகக்கண்ணில் கருப்புப் போகாதவர். பெண்ணுக்கு மாமன், பெரிய மீசைக்காரர், பொதுவாகக் கேட்கிறமாதிரி கேட்டார்: "மாப்பிள்ள எத்தனாவது வரைக்குமுங்க?" அம்மா அத்தாயி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "படிப்பெல்லாம் நல்லாத்தானுங்க வந்துச்சு. சின்னவன் படிக்கோணுமேன்னு இவனே நிறுத்திக்கிட்டானுங்க. நாங்க சொல்லியும் கேக்கலீங்க." அவ்வளவுதான். பெண் வீட்டாரிடம் சொல்லுகிற சின்னப் பேச்சு. பையன் பீடி குடிக்கமாட்டான் என்று சொல்வதில்லையா, அந்தமாதிரி. மீசைக்காரர் அடடா என்றார். அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை குனிந்தால் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கதவோரம் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தைவேலு நின்றிருந்தான். அரைக்கால் சட்டை, முழங்காலில் சிராய்ப்பு. அவனை யாரும் பார்க்கவில்லை, அங்கமுத்து பார்த்தார். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சின்னச் சத்தம் போட்டன. அவன் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது, கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவன் எப்படி இருந்தான்! டேய் கிரீசு என்றுதான் கூப்பிடுவான். ஊரே சிரிக்கும். லோடு இறக்கிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தால் ரெண்டு பேருக்கும் ஒரே வட்டிலில் சோறு, அது அம்மாவின் சோம்பேறித்தனமா பாசமா தெரியாது. சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் அந்தச் சுண்டைக்காய் அதிகாரியாக மாறிவிடும். "கையைக் காட்டு." இவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டவேண்டும். நகம் நகமாகப் பார்ப்பான். "கழுவிட்டு வாடா கிரீசு. வயித்துக்குள்ள போனா எனக்கும் ஹாரன் அடிக்கும்." மறுபடி கழுவிவிட்டு வந்தாலும் மூக்கைச் சுளிப்பான். சுளித்துக்கொண்டே முதல் கவளத்தை இவர் பக்கத்திலிருந்து எடுப்பான். லீவு விட்டால் லாரியில் தொற்றிக்கொள்வான். ஒருமுறை பவானி வரைக்கும் இறங்கமாட்டேன் என்று ஸ்டெப்னி டயருக்குள் பதுங்கி வந்துவிட்டான். அப்படி அடித்தார், அப்படி அழுதான், அழுகை முடிந்ததும் கியரை ஒருதரம் போட்டுப் பார்க்கட்டுமா என்றான்.

அந்தக் காபித் தட்டுக்கு அப்புறம் ஒரு நாளும் கையைக் காட்டச் சொல்லவில்லை. தனி வட்டிலில் சாப்பிட்டான். அண்ணா வாங்க என்றான். ராத்திரியில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு படித்தான், படித்தான், என்ன வெறியோ அப்படிப் படித்தான். ஊர் மெச்சியது. அங்கமுத்துவுக்குத்தான் யாரோ தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, நல்ல பையன் ஒருத்தனை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாத்தியார் ஆனான், பெரிய வாத்தியார் ஆனான். பொங்கலுக்குப் பொங்கல் வருவான், வேட்டி சட்டை வைத்துக் காலில் விழுவான், காபி ஆறுவதற்குள் போய்விடுவான். கோபமே வராது அவனுக்கு. கோபம் வரட்டும் என்றே ஒருதரம் செய்தார். வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர் கட்டும்போது வேண்டுமென்றே நூல் தள்ளிப் பிடித்து அவன் இடத்துக்குள் ஒரு முழம் ஏற்றிக் கட்டினார். கொத்தனார் பயந்துபோய், "ஏனுங்க, உங்க தம்பி சும்மா இருப்பாருங்களா?" என்றான். "சும்மா இருக்கக்கூடாதுன்னுதான்டா," என்றார். வந்து கேட்பான், கத்துவான், சட்டையைப் பிடிப்பான், இவரும் பிடிப்பார், ரெண்டு பேரும் மண்ணில் உருண்டாலும் சரி. அவன் வந்தான். சுவரைப் பார்த்தான். "அண்ணனுக்கு இல்லாததுங்களா? எடுத்துக்குங்கண்ணா," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு வாரத்தில் அவரே ஆள்விட்டுச் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார். ஊரில் அதற்கும், அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கோணும், என்றார்கள். என்ன செய்தாலும் அது பெருந்தன்மையில்தான் போய் முடிகிறது. மனுசனைச் சாமியாக்கி மூலையில் வைத்துவிட்டால் சாமியோடு யார் ஒரே வட்டிலில் சாப்பிடுவார்கள்? கடன்பட்டவனும் கடன் கொடுத்தவனும் ஆகிவிட்டார்கள். இவரோ எதையும் கொடுக்கவே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எந்த அப்போது? கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் பாவாயி வீட்டில் என்ன நினைப்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னால் அம்மா பொய்க்காரி. அம்மா போனபிறகு சொன்னால் போனவளைப் பழிக்கிற மாதிரி. அப்புறம் கதை தம்பியின் மேடைப்பேச்சில் ஏறிவிட்டது, பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள், கை தட்டியதை எப்படித் திருப்பி வாங்குவது? தன் பிழைப்புக்குத் தானே பொறுப்பு என்று டீக்கடையில் கத்துகிற வாய் இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது. இன்றைக்குச் சொன்னால்? தம்பியின் நாள் இது. நானூறு பேருக்கு முன்னால் அவன் ஆயுசு முழுக்கச் சொன்னது பொய்யாகும். பெண்கள் வரிசையில் பாவாயி இருக்கிறாள், பட்டுச்சேலையில், பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. தியாகியைக் கட்டிக்கொண்டதாக நினைத்து இத்தனை காலம் சமைத்துப் போட்டவள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இந்தப் பொன்னாடை. அடுத்தது பாடைமேல் போர்த்துகிற துணி. அன்றைக்கும் தமிழய்யாவே வந்து பேசுவார், தம்பி காலடியில் விழுந்து, அண்ணா அண்ணா என்று அழுவான். ஒருவன்கூட இருக்கமாட்டான், செத்துக்கிடப்பது கிரீசு என்று தெரிந்த ஒருவன்கூட. காபி ஆறி ஏடு படிந்துவிட்டது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது.

"அன்னாரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

ரெண்டு வாத்தியார்கள் வந்து கைத்தாங்கலாகச் சோபாவிலிருந்து பிடுங்கினார்கள். மைக் முகத்துக்கு எதிரே வந்தது. அதன் தலையில் சுற்றியிருந்த சிவப்பு ஸ்பான்ஜைப் பார்த்துக்கொண்டே அங்கமுத்து பேசினார். தன் குரல் பின்சுவரில் போய் இடித்துவிட்டுத் திரும்பி வருவது அவருக்கே கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டு எறங்கிக்கிறேன். நான் யாருக்காகவும் படிப்ப விடலீங்க. எனக்குப் படிப்புப் புடிக்கலீங்க. லாரி புடிச்சுது, ஓடிட்டேன். வாத்தியாரு நல்லவரு, கூப்புட்டாரு, நான் போகல. எங்கம்மா பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட அந்தஸ்துக்கு ஒரு வார்த்த சொன்னாங்க, அதப் புடிச்சுக்கிட்டு எல்லாரும் பேசறீங்க. என்ற தம்பி எனக்கு ஒண்ணும் தரவேண்டியது இல்லீங்க. அவம் படிச்சான், அது அவனோடது. நான் படிக்கல, அது என்னோடது. அவ்வளவுதானுங்க."

அப்புறம் முதல் வரிசையில் யாரோ தட்டினார்கள். உடனே மண்டபமே தட்டியது. தமிழய்யா மைக்கைப் பாய்ந்து வாங்கினார். "கேட்டீர்களா! செய்த தியாகத்தைக்கூடச் செய்யவில்லை என்று சொல்கிற இந்த மனசு யாருக்கு வரும்? இதுவல்லவா பெருந்தன்மை!" கைதட்டல் கூரைக்கு ஏறியது. பின்னால் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அங்கமுத்து வாயைத் திறந்தார், மைக் இல்லை. முடிந்தது, இனி எந்தக் காலத்திலும் முடியாது என்று திரும்பியபோதுதான் பார்த்தார். மேடையில் ஒரு ஆள் மட்டும் கை தட்டவில்லை. குழந்தைவேலு பொன்னாடையைப் பாதி பிரித்தபடி நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பில்லை. போர்த்தினான். கழுத்தில் பட்ட விரல் சில்லென்று இருந்தது. காலில் விழவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் பாவாயி வந்து சேர்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க இவருக்குத் தைரியமில்லை.

"இதச் சொல்லறதுக்கா ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தீங்க? எங்க மாமன் அப்பவே பள்ளிக்கூடத்துல போயி விசாரிச்சுட்டு வந்துட்டாரு."

"அப்புறம் ஏன்டி கட்டிக்கிட்ட?"

"லாரிக்காரனக் கட்டினா நாலு ஊரு பாக்கலாம்னு கட்டினேன். நீங்க பவானியத் தாண்டிக் கூட்டிட்டுப் போனீங்களா?" சொல்லிவிட்டுப் பெண்கள் பந்திப் பக்கம் போய்விட்டாள்.

அங்கமுத்து கடைசி வரிசையில் சுவரோரம் போய் உட்கார்ந்தார். பொன்னாடையைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார். இலை விழுந்தது, தண்ணீர் தெளித்தார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, பெரிய மனுசனுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள். பெரிய பந்தியில் தலைமையாசிரியருக்கு நாற்காலிக்குப் பூ கட்டி வைத்திருந்தார்கள். அது காலியாக இருந்தது. அவனை அவமானப்படுத்திவிட்டோம், போய்விட்டான், என்று நினைத்தார். மேளம் நின்றபிறகு காதுக்குள் இருக்குமே ஒரு சத்தம், அது இருந்தது. இந்த வயதில் ஒரு ஆளுக்கு என்ன ஆசை வேண்டிக்கிடக்கிறது. பழைய தம்பியைக் கேட்டுப்போய் இருக்கிற தம்பியையும் தொலைத்தாயிற்று. இடதுபக்க நாற்காலி கிரீச்சிட்டது. குழந்தைவேலு உட்கார்ந்தான். ஒரு பொன்னாடைகூட மேலே இல்லை. சட்டைக் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது. பரிமாறுகிறவன் பதறிப்போய், "அய்யா, உங்களுக்கு அங்கிங்க," என்றான். "இங்கியே போடப்பா," என்றான். இலையைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினான்.

"ஏன்டா சொல்லல?"

அங்கமுத்து மடியிலிருந்த பொன்னாடையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"இத்தன வருசம் ஏன்டா சொல்லல? எனக்கு மட்டும் படிப்பு இனிச்சுதா? எனக்கும் வண்டிதான்டா புடிச்சுது. பவானிக்கு எதுக்குடா ஸ்டெப்னியில உக்காந்து வந்தேன்? ஒருத்தன் எனக்காகப் படிப்ப விட்டுட்டானேன்னு, விடிய விடிய, கண்ணு எரிய எரிய..." அவன் நிறுத்தினான். மூக்கு விடைத்தது, உதடு கோணிக்கொண்டது, அறுபது வயசுத் தலைமையாசிரியரின் முகத்துக்குள்ளிருந்து முழங்காலில் சிராய்ப்போடு ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். தப்பு என்று சொல்லலாம், அம்மா என்று சொல்லலாம், எதுவும் அந்தக் கண்ணுக்குப் போதாது. கோபம் நியாயமானது. எத்தனை காலம் ஆகும் ஆறுவதற்கு, ஆறுமா என்பதே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில், பழசு பிதுங்கி வெளியே போனபிறகு எட்டிப்பார்க்குமே அந்த மஞ்சள், அதுமாதிரி ஒன்று. டா என்கிறான். வாய்க்கு வாய் டா என்கிறான்.

சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. நெய்க்காரன் வந்து ஊற்றிவிட்டுப் போனான். வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் அங்கமுத்து சோற்றில் கை வைக்கப்போனார்.

"கையைக் காட்டு," என்றான் தம்பி.

இலைக்கு மேலே ரெண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையை ஒருதரம், புறங்கையை ஒருதரம், மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.